வீட்டிலிருந்து வேலை என்றார்கள், வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார்கள்

கேள்வி: எனக்கு வயது 31, பி.காம். படித்திருக்கிறேன். பவானி பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் டேலியில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். சின்னவளுக்கு இப்போது மூன்று வயது. வெளியே வேலைக்குப் போக முடியாது என்பதால் ஆன்லைனில் தேடினேன். 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முன்பணம் ஒரு பைசா கிடையாது' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம். முன்பணம் கேட்காததால் நம்பினேன். ஆதார், பான், கையெழுத்து, செல்ஃபி எல்லாம் அனுப்பினேன். ஓர் ஒப்பந்தத்தில் ஆன்லைனிலேயே கையெழுத்து வாங்கினார்கள். 5 நாளில் 450 பக்கம் அடிக்க வேண்டும், 90 சதவீதம் சரியாக இருந்தால் ரூ. 13,500 சம்பளம். குழந்தைகள் தூங்கிய பிறகு விடிய விடிய உட்கார்ந்து முடித்தேன். '81 சதவீதம்தான் வந்திருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், சர்வர் செலவு ரூ. 5,900 கட்டுங்கள்' என்றார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பயத்தில் கட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து இப்போது, கேஸ் வாபஸ் வாங்க ரூ. 14,500 வேண்டுமாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போலீஸ் வருமாம். கணவருக்கு எதுவும் தெரியாது. என்னைக் கைது செய்வார்களா? கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? வீட்டிலிருந்து செய்ய நிஜமான வேலை என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பவானி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 14,500 ரூபாயைக் கட்டாதீர்கள். இன்றைக்கும் வேண்டாம், தவணையிலும் வேண்டாம், 'பாதியாவது கட்டுங்கள் மேடம், நான் பேசி முடித்துவிடுகிறேன்' என்று ஒருவர் கரிசனமாகப் பேசினாலும் வேண்டாம். உங்களைக் கைது செய்ய யாரும் வரப்போவதில்லை. டைப் அடித்ததில் பிழை இருந்தது என்பதற்காக ஒருவரைக் கைது செய்ய இந்த நாட்டில் சட்டம் கிடையாது.

இதே மாதிரி நோட்டீஸோடு என் அலுவலகத்துக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் உங்களைப் போன்ற இளம் தாய்மார்கள், கல்லூரி மாணவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நோட்டீஸில் தராசுப் படம் இருக்கும். மேலே ஏதோ ஓர் 'அசோசியேட்ஸ்' பெயர், கீழே நீல நிறத்தில் வட்ட முத்திரை, நடுவே சட்டப் பிரிவுகள் வரிசையாக. பல நோட்டீஸ்களில் இன்னமும் இந்தியத் தண்டனைச் சட்டம் 420 என்றே போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. போன மாதம் நடந்ததாகச் சொல்லும் ஒரு விஷயத்துக்குப் பழைய பிரிவைப் போட்டு நோட்டீஸ் விடுபவர், கோர்ட் வாசலையாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. 'முன்பணம் கேட்காததால் நம்பினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை தருகிறேன் என்று சொல்லி முதலில் பணம் கேட்டால் ஓடிவிடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் புத்திமதி. நீங்கள் அதைக் கேட்டு நடந்தவர். அதைத் தெரிந்துகொண்டுதான் இவர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். முதலில் வேலையைக் கொடுத்துவிட்டு, பணத்தைக் கடைசியில் கேட்கிறார்கள். ஆகவே நீங்கள் விவரம் தெரியாமல் விழுந்துவிட்டதாக நினைத்துக் குமைய வேண்டாம். விவரம் தெரிந்தவர்களுக்கென்றே வைத்த கண்ணி இது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அவர்கள் உங்களிடம் கொடுத்த 450 பக்கமும் யாருக்கும் தேவைப்படாத பக்கங்கள். பழைய ஆங்கிலப் புத்தகத்தை மங்கலாக ஸ்கேன் செய்தோ, தாறுமாறான பெயர், எண், குறியீடுகளைப் போட்டோ கொடுத்திருப்பார்கள். காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட்டால் ஒரு பிழை, விடாவிட்டால் ஒரு பிழை. 5 நாளில் 450 பக்கம் என்றால் ஒரு நாளைக்கு 90 பக்கம். தினமும் டைப் அடித்தே பழகியவருக்குக்கூட முதுகு ஒடிகிற வேலை. அப்படியே அடித்துக் கொடுத்தாலும், எத்தனை சதவீதம் சரி என்று சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தான். எந்தப் பக்கத்தில் எந்தப் பிழை என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. நீங்கள் 100 சதவீதம் சரியாக அடித்திருந்தாலும் அந்த ரிப்போர்ட்டில் 81-தான் வந்திருக்கும்.

பவானியில் ஜமக்காளம் நெய்பவர்களை நீங்கள் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். நெய்ததில் பிசகு இருந்தால் கூலியில் பிடிப்பார்கள், அடுத்த பாவு கொடுக்க மாட்டார்கள். நெய்தவர் வீட்டுக்கு வந்து, 'உன் பிசகுக்கு நீ எனக்குப் பணம் கட்டு' என்று எந்த முதலாளியும் நிற்க மாட்டார். வேலை பிடிக்காவிட்டால் கூலி இல்லை, அவ்வளவுதான் ஒரு நிஜ முதலாளி செய்வது. வேலை செய்தவரிடமே பில் நீட்டுகிற இடம், அந்த வேலையை நம்பிப் பிழைக்கிற இடம் இல்லை.

சரி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று கேட்பீர்கள். உங்களை இத்தனை நாள் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கையெழுத்துதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஏமாற்றியோ, பொய்த் தகவல் சொல்லியோ வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. அப்படிக் கையெழுத்துப் போட்டவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம், 19-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. இரண்டாவது, 'மீறினால் இவ்வளவு கட்ட வேண்டும்' என்று ஒரு தொகையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்துவிட்டால் மட்டும் அந்தத் தொகை கைக்கு வந்துவிடாது. 74-வது பிரிவின்படி, எழுதிய தொகைக்கு மேல் போகாமல், நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். இழப்பு ஏற்பட்டிருந்தால்தான் இழப்பீடு என்பதை டெல்லி வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. யாருக்கும் தேவைப்படாத 450 பக்கத்தில் பிழை வந்ததால் இவர்களுக்கு என்ன இழப்பு? அதை எந்த நீதிபதி முன்னால் நிரூபிப்பார்கள்?

அப்படியே ஒரு பேச்சுக்கு ஒப்பந்தம் செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், அதை மீறுவது சிவில் விவகாரம். அதற்கு அவர்கள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். அங்கிருந்து சம்மன் வரும். சம்மனோடு வழக்குரையின் நகலும் சேர்ந்து வரும், வழக்கு எண் இருக்கும், நீதிமன்ற முத்திரை இருக்கும். 'இன்று மாலை 4 மணிக்குள் ஜிபே பண்ணுங்கள்' என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. வழக்கு போட்டுவிட்டோம் என்கிறார்கள் அல்லவா, வழக்கு எண்ணைக் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்திலும் அதன் செயலியிலும் உங்கள் பெயரைப் போட்டே தேடலாம், காசு கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த, 16 இடம் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. அது இல்லாத வழக்கைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கட்சிக்காரரின் கோரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். உண்மையான வக்கீலே அனுப்பினாலும் அது நீதிமன்ற உத்தரவு ஆகாது. நோட்டீஸில் வக்கீலின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தால், எந்த மாநில பார் கவுன்சிலில் பதிந்தவர் என்று விசாரிக்கலாம். இந்த நோட்டீஸ்களில் பெரும்பாலும் பதிவு எண்ணே இருக்காது. இருந்தாலும் வேறு யாருடையதாவது இருக்கும்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். குற்ற வழக்குகளிலேயே, ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்துவிட முடியாது. குற்ற வழக்குகளின் நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 35-வது பிரிவின்படி, விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் தருவதுதான் பொதுவான வழி. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவே போட்டிருக்கிறது. போனில் 'இன்ஸ்பெக்டர் பேசுகிறேன்' என்று ஒருவர் காக்கிச் சட்டையோடு வீடியோ காலில் வந்தாலும் துண்டித்துவிடுங்கள். வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டோம், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினாலும் நம்பாதீர்கள், அப்படி ஒன்று சட்டத்தில் கிடையவே கிடையாது.

ஆதாரை முடக்கிவிடுவோம், கடன் கேட்டால் வங்கி பார்க்கும் சிபில் ஸ்கோரைக் காலி செய்துவிடுவோம், பாஸ்போர்ட் கிடைக்காமல் செய்துவிடுவோம் என்றும் சொல்லியிருப்பார்கள். ஆதாரைத் தனியார் நிறுவனம் எதுவும் முடக்க முடியாது. சிபிலுக்குக் கடன் கொடுத்த வங்கியும் நிதி நிறுவனமும்தான் தகவல் தர முடியும். நீங்கள் இவர்களிடம் கடன் வாங்கவில்லை.

இப்போது குற்றம் செய்தது யார் என்று திருப்பிப் பாருங்கள். வேலை தருவதாக ஏமாற்றியது பாரதிய நியாய சம்ஹிதாவின் 318-வது பிரிவில் மோசடி. பொய் வழக்கைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறித்தது 308-வது பிரிவில் மிரட்டிப் பறித்தல். இல்லாத வக்கீலாக வேடம் போட்டு ஆன்லைனில் ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இருக்கிறது. புகார் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான், சகோதரி. பயப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

ஆகவே இன்றே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது உள்துறை அமைச்சகத்தின் சைபர் மோசடி உதவி எண். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் நேரடியாகப் பதியலாம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அது அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் விஷயத்தில் மூன்று வாரம் ஓடிவிட்டது. 5,900 ரூபாய் கட்டாயம் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் புகாரைப் பதிந்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கிலோ அது போய்ச் சேர்ந்த கணக்கிலோ பணம் முடக்கப்பட்டால், அதைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. புகாரே இல்லாதவருக்கு அந்த வழியும் இல்லை. இன்னொன்று, நாளைக்கு உங்கள் ஆவணங்களை வைத்து யாராவது வில்லங்கம் செய்தால், முன்பே புகார் கொடுத்த ஒப்புகை எண் உங்கள் கையில் இருக்கும்.

புகாருக்கு முன் ஒரு வேலை. கோபத்தில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். பலர் செய்வது அதுதான். 'இதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது சார், டிலீட் பண்ணிட்டேன்' என்பார்கள். விளம்பரம், ஒப்பந்தம், குவாலிட்டி ரிப்போர்ட், நோட்டீஸ், அவர்கள் பேசிய எண்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுபிஐ எண் ஒன்று இருக்கும். போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான். அதெல்லாம் பத்திரமான பிறகு, 'சைபர் கிரைமில் புகார் கொடுத்திருக்கிறேன், இனி எதுவாக இருந்தாலும் எழுத்து மூலம் தபாலில் அனுப்புங்கள்' என்று ஒரே ஒரு செய்தி போட்டுவிட்டு எண்ணை பிளாக் செய்யுங்கள். வாதாட வேண்டாம், திட்டவும் வேண்டாம். வேறு எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள், சில நாள் விடாமல் கூப்பிடுவார்கள். பணம் பெயராது என்று தெரிந்தால் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஈரோட்டில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. நேரில் போவதானால் தனியாகப் போக வேண்டாம். உடன் ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்றால் அதற்கும் செலவு இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 1987-ம் ஆண்டின் சட்டப்படி, பெண்கள் அனைவரும் அங்கே இலவச சட்ட உதவி பெற உரிமை உள்ளவர்கள், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. 15100 என்ற எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.

உங்கள் ஆதாரும் பான் எண்ணும் அவர்களிடம் இருக்கின்றன. அதற்கு மூன்று காரியம் செய்யுங்கள். ஆதார் தளத்தில் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். மூன்றாவது, சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், அதை வாங்கி உங்கள் பெயரில் நீங்கள் வாங்காத கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது ஒரு தடவை, மூன்று நான்கு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்திடம் இன்னொரு தடவை.

கணவரிடம் இன்று இரவே சொல்லிவிடுங்கள். குடும்ப விஷயத்தில் தலையிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், இதில் சட்டக் காரணமும் இருக்கிறது. இவர்கள் அடுத்துச் செய்வது உங்கள் வீட்டாருக்கும் உறவினருக்கும் போன் போடுவேன் என்று மிரட்டுவது. அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அந்த மிரட்டலுக்கு வேலை இல்லை. பணம் போனதற்கு ஒரு நாள் கோபப்படுவார். உங்கள் பயத்தை இத்தனை நாள் தனியாகச் சுமந்தீர்களே என்றுதான் அப்புறம் வருத்தப்படுவார் என்று நம்புகிறேன். இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள்.

இனி வேறு மாதிரி அழைப்புகளும் உங்களுக்கு வரலாம். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், பிராசசிங் கட்டணம் மட்டும்' என்று ஒருவர் வருவார், அவரும் அதே கூட்டம்தான். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடு என்று சொல்லி முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே உங்கள் கணக்கில் விழும். மூன்றாவது நாள் 'பிரீபெய்டு டாஸ்க்' என்று 1,000 கட்டச் சொல்லி 1,300 தருவார்கள். அதற்கப்புறம் கட்டுவது எதுவும் திரும்பாது. குழுவில் 'எனக்கு வந்துவிட்டது, நன்றி' என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களும் அவர்களுடைய ஆட்கள்தான். இப்படிப்பட்ட பகுதிநேர வேலை மோசடியில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் ஒரே வீச்சில் முடக்கியது. தளம் போனால் என்ன, வேறு பெயரில் வருகிறார்கள்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது இன்னொரு 'வேலை'க்குத்தான். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போடுவோம், நீங்கள் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்ப வேண்டும், அல்லது பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் சிம்மும் எங்களிடம் கொடுத்தால் மாதம் இவ்வளவு என்பார்கள். அந்தப் பணம், உங்களைப் போல ஏமாந்த இன்னொருவருடைய பணம். அவர் 1930-க்குப் போன் செய்தவுடன் முடங்கப் போவது உங்கள் கணக்கு. போலீஸ் தேடி வருவதும் உங்களைத்தான். இப்போது வந்திருக்கும் மிரட்டல் பொய், ஆனால் அது பொய்யாக இருக்காது. கல்லூரிப் பையன்கள் 5,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டுக் கணக்கைக் கொடுத்துவிட்டு, ஊர் பெயர்கூடத் தெரியாத மாநிலத்துப் போலீஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். மனசு ஆறவில்லை. உங்கள் தம்பி, தங்கை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது. நிஜமான வேலை இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடிய பெயரில் இல்லை. படத்தைப் பார்த்து அப்படியே டைப் அடிக்கும் வேலைக்கு இன்று யாரும் வீடு தேடி வந்து பக்கத்துக்கு 30 ரூபாய் கொடுக்க மாட்டார்கள். அதைச் சில நொடியில் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. 'அனுபவம் தேவையில்லை, படிப்பு தேவையில்லை, நல்ல சம்பளம்' என்ற மூன்றும் ஒரே விளம்பரத்தில் இருந்தால் அங்கே வேலை இருக்காது. நிஜ வேலை கொடுப்பவர் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பார். உங்களைச் சேர்க்க அவர்தான் யோசிப்பார், உங்களை அவசரப்படுத்த மாட்டார்.

ஒரு நிறுவனத்தைச் சோதிக்க நான் சொல்லும் வழி எளிது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு ஆண்டு, முகவரி, இயக்குநர்கள் வரும். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டு அது யாருடைய எண் என்று பாருங்கள். இதில் ஓர் எச்சரிக்கை. பதிவான கம்பெனி என்பதால் மட்டும் நல்ல கம்பெனி ஆகிவிடாது, பெரிய கம்பெனியின் பெயரைத் திருடியும் பேசுவார்கள். அதனால் உங்களுக்கு வந்த எண்ணில் பேசாமல், அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணிலும் மெயிலிலும் 'இந்த வேலை உங்களுடையதா' என்று கேளுங்கள். வேலை தேடப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்பு சேவைத் தளமும், தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளமும் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கும் கட்டணம் கிடையாது. அங்கே வரும் நிறுவனங்களை முகத்துக்கு முகம் பார்த்துப் பேசலாம்.

ஆனால் உங்களுக்கு நான் இதில் எதையும் முதலில் சொல்ல மாட்டேன். பி.காம். படித்து, ஜவுளிக் கடையில் டேலி போட்டவர் நீங்கள். ஈரோடு, பவானி, அந்தியூர் வட்டாரத்தில் எத்தனை ஜவுளிக் கடை, எத்தனை மஞ்சள் மண்டி, எத்தனை தறிப் பட்டறை! அவற்றில் ஜிஎஸ்டி பதிவு உள்ள ஒவ்வொன்றும் கணக்குத் தாக்கல் செய்தே தீர வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனைக் கணக்கு 11-ம் தேதிக்குள், வரியோடு சேர்த்த கணக்கு 20-ம் தேதிக்குள். நடுவில் 14-ம் தேதி, சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்லெல்லாம் தளத்தில் பட்டியலாக வந்து விழும். அந்தப் பட்டியலையும் கடையில் இருக்கும் கொள்முதல் பில்லையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒரு பில் விடுபட்டால் அந்த வரியைக் கடைக்காரர் கழித்துக்கொள்ள முடியாது. ஆடிட்டர் அலுவலகங்களிலும் வரி ஆலோசகர் அலுவலகங்களிலும் இந்த வேலைக்குத்தான் ஆள் தேடுகிறார்கள். பில்களை ஸ்கேன் செய்து அனுப்பினால் வீட்டில் உட்கார்ந்தே டேலியில் ஏற்றிக் கொடுக்கலாம், ஒப்பிட்டுக் கொடுக்கலாம், வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பதிந்து கொடுக்கலாம். குழந்தை தூங்கும் நேரத்தில் செய்யக்கூடிய வேலை இது, அடுத்த தெருவில் கொடுத்தவர் இருப்பார், சம்பளம் வராவிட்டால் நேரில் போய்க் கேட்கலாம்.

முதலில் உங்கள் பழைய கடை முதலாளியிடம் போங்கள். உங்கள் கை சுத்தம் அவருக்குத் தெரியும். அவர் தானே வேலை தராவிட்டாலும் தன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்கு எந்த ஆன்லைன் விண்ணப்பமும் ஈடாகாது. நீங்கள் கடையில் இருந்த பிறகு டேலியும் ஜிஎஸ்டியும் நிறைய மாறிவிட்டன, அதனால் முதல் மாதம் அவர் அலுவலகத்தில் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து பழகிக்கொள்வதாகச் சொல்லுங்கள். தொகையைப் பேசும்போது மாதச் சம்பளம் என்று இல்லாமல் ஒரு கடைக்கு இவ்வளவு என்று பேசினால் இரண்டு பக்கமும் குழப்பம் இருக்காது. கை பழகிய பிறகு, மற்றவர்களுக்காகக் கணக்குத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம். வணிகவியல் பட்டதாரிக்கு அதற்குத் தகுதி உண்டு, ஒரு தேர்வு எழுத வேண்டும்.

ஆடிட்டரைப் பார்க்க 15-ம் தேதிக்கு மேல் போகாதீர்கள், அந்த வாரம் அங்கே தலை நிமிர்த்திப் பேசக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. 20-ம் தேதி தாண்டட்டும். 21 அல்லது 22-ம் தேதி காலையில் போங்கள். அந்த மாதம் எந்தெந்த வேலைக்கு ஆள் இல்லாமல் தவித்தோம் என்பது அன்றைக்கு அவர்களுக்கு நன்றாக நினைவில் இருக்கும்.